சட்டியில் இருந்தால்தான் திரையில் வரும்

வீட்டில் புதிய தொலைக்காட்சி வாங்கும் பேச்சு எழுந்தால், கேள்வி கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்கும். "நீதான் அறிவியல் படிக்கிறாயே, எதை வாங்கலாம், சொல்." கடைக்குப் போனால் வரிசையாக நிற்கும் திரைகள் எல்லாவற்றிலும் அதே வண்ண மீன்கள், அதே மலர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டைகளில் 4கே, 8கே, எச்டிஆர், 120 ஹெர்ட்ஸ், டிவிபி-டி2 என்று எண்களும் எழுத்துகளும். விலை மட்டும் ஒன்றுக்கொன்று பல நூறு வெள்ளி வேறுபடும்.

எண் பெரிதாக இருந்தால் படமும் அழகாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு படம் உங்கள் மூளையை அடையுமுன் நான்கு இடங்களைக் கடக்கிறது. கேமரா அதைப் பிடிக்கிறது. ஒளிபரப்பு அல்லது இணையம் அதைச் சுமந்து வருகிறது. திரை அதைக் காட்டுகிறது. இறுதியாக உங்கள் கண் அதைப் பார்க்கிறது. இந்த நான்கில் எது பலவீனமோ, அதுதான் படத்தின் தரத்தை முடிவு செய்யும். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தொலைக்காட்சிக்கும் அது அப்படியே பொருந்தும். அகப்பைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன், சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாமா?

மின்னிலக்கம் வேறு, உயர்தெளிவு வேறு

இந்த இரண்டு சொற்களையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். படம் எந்த வடிவில் பயணம் செய்கிறது என்பதைச் சொல்வது மின்னிலக்கம். படத்தில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பதைச் சொல்வது உயர்தெளிவு, அதாவது எச்டி.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பிறகு, ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சியைப் பற்றி ஆராயத் தொடங்கினார்கள். 1125 கோடுகள் கொண்ட உயர்தெளிவுப் படத்தை அவர்கள் உருவாக்கினார்கள். 1980களின் இறுதியில் அது துணைக்கோளம் வழியாகச் சோதனை முறையில் ஒளிபரப்பானது. ஆனால் வீடுகளுக்கு அதைச் சுமந்து வந்தது மின்னிலக்க அலை அல்ல, பழைய அனலாக் அலை. உயர்தெளிவு முதலில் வந்துவிட்டது, மின்னிலக்க ஒளிபரப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

இதை மறுபக்கமாகவும் பார்க்கலாம். மின்னிலக்கமாக வரும் எல்லாப் படமும் உயர்தெளிவுப் படம் அல்ல. சாதாரணத் தெளிவுள்ள ஒரு பழைய நாடகத்தையும் மின்னிலக்கமாக அனுப்ப முடியும். எனவே "இது டிஜிட்டல் டிவி" என்று விற்பனையாளர் சொன்னால், படம் தெளிவாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவும் பாறை விளிம்பும்

உங்கள் பெற்றோரிடம் பழைய தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அலை பலவீனமானால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் பனிபோலக் கொட்டும், ஒருவருக்கு இரண்டு முகம் தெரியும். ஆனாலும் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அனலாக் அலையில் படத்தின் வெளிச்சமும் வண்ணமும் அலையின் ஏற்ற இறக்கமாகவே வருவதால், அலை கெடக் கெடப் படமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்.

மின்னிலக்க அலையில் வருபவை 0, 1 என்ற எண்கள். வழியில் சில எண்கள் கெட்டுப்போனாலும் பெட்டி அவற்றைக் கணக்கிட்டுத் திருத்திவிடும், ஏனென்றால் திருத்துவதற்கென்றே கூடுதல் எண்களும் சேர்த்து அனுப்பப்படுகின்றன. அதனால் அலை ஓரளவு பலவீனமானாலும் படம் பளிச்சென்றே இருக்கும். ஆனால் திருத்தக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, மறைந்தே போகும். அனலாக் என்பது மெல்ல இறங்கும் சரிவு. மின்னிலக்கம் பாறை விளிம்பு. விளிம்புவரை சமதளம், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று சொல்லும் வீட்டில் ஆன்டெனா ஒரு கை அளவு நகர்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் மின்னிலக்க ஒளிபரப்பு 2013 டிசம்பரில் தொடங்கியது. அதன் பிறகு ஐந்தாண்டுகள் இரண்டு வகை அலைகளும் சேர்ந்தே ஒலித்தன. 2018ஆம் ஆண்டு முடிந்ததோடு அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. மலேசியாவில் 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபருக்குள் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நின்றது. ஏன் நிறுத்தினார்கள்? அனலாக் ஒளிவழி ஒன்று பிடித்துக்கொள்ளும் அலைக்கற்றையில் பல மின்னிலக்க ஒளிவழிகளை அனுப்பலாம். மிச்சமாகும் அலைக்கற்றை கைப்பேசிச் சேவைகளுக்குப் பயன்படும்.

அந்த மாற்றம் எல்லாருக்கும் எளிதாக இருக்கவில்லை. கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீடுகளுக்கும், தனியாக வாழும் முதியவர்களுக்கும் இலவச ஒளிவழிகளே துணை. வசந்தம் ஒளிவழியின் செய்தியும் நாடகமும் அவர்களுக்கு நாளின் முக்கிய நிகழ்ச்சிகள். பழைய பெட்டி வைத்திருந்தவர்களுக்கு செட்-டாப் பாக்ஸ் தேவைப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் அதற்கு உதவியது.

இன்று புதிய பெட்டி வாங்குபவருக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் பயன்படுத்தும் மின்னிலக்க முறையின் பெயர் டிவிபி-டி2. ஜப்பானில் வேறு முறை, அமெரிக்காவில் வேறு முறை. ஆகவே வெளிநாட்டு இணையத் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு பெட்டியை வரவழைத்தால், அதனால் உள்ளூர் அலையைப் படிக்க முடியாமல் போகலாம். பழைய டிவிபி-டி முறையை மட்டும் அறிந்த பெட்டிகளும் பழைய பொருள் சந்தையில் உலவுகின்றன. கணினித் திரையில் அலைவாங்கியே இருக்காது. தாத்தா பாட்டிக்காக வாங்கும் பெட்டி என்றால், நீங்கள் முதலில் தேட வேண்டியது டிவிபி-டி2 என்ற முத்திரை. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

124 கோடியைச் சுருக்கும் வித்தை

இப்போது கொஞ்சம் கணக்கு. ஃபுல் எச்டி படத்தில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 புள்ளிகள் இருக்கும். இந்தப் புள்ளிகளைப் பிக்சல் என்கிறோம். இரண்டையும் பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு பிக்சலின் வண்ணத்தையும் எழுத 24 பிட் தேவை. விநாடிக்கு 25 படங்கள் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய 124 கோடி பிட்டுகள் ஆகின்றன. ஆனால் ஓர் உயர்தெளிவு ஒளிவழிக்கு ஒளிபரப்பில் கிடைக்கும் இடம் சில மெகாபிட்டுகள்தாம், அதாவது சில பத்து லட்சங்கள். நூறு பங்குக்கும் மேல் சுருக்கியாக வேண்டும். எப்படி?

முதல் வழி, மாறாததைத் திரும்ப அனுப்பாமல் இருப்பது. செய்தி வாசிப்பவரின் உதடும் கண்ணும் அசைகின்றன, பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை. சுவரை ஒருமுறை அனுப்பிவிட்டு, பிறகு "முன்பு இருந்ததுபோலவே" என்று சொன்னால் போதும்.

இரண்டாவது வழி, கண்ணுக்கு அதிகம் தெரியாததை விட்டுவிடுவது. படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் மென்மையான வடிவங்கள், நுண்ணிய வடிவங்கள் என்று பிரித்தெடுக்கிறார்கள். நுண்ணியவற்றில் பெரும்பகுதியைக் குறைத்தாலும் கண் கண்டுபிடிக்காது. இப்படிப் பிரித்தெடுக்க உதவும் கணித முறைக்கு டிஸ்கிரீட் கோசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று பெயர். நீங்கள் முக்கோணவியலில் படிக்கும் அதே கோசைன்தான்!

அதைக் கண்டறிந்தவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது. 1972ஆம் ஆண்டு ஆய்வுக்கு நிதி கேட்டு அவர் விண்ணப்பித்தார். நிதி கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்தாக இருந்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் விட்டுவிடவில்லை. தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். கைப்பேசியில் நீங்கள் எடுக்கும் புகைப்படத்திலும், இணையத்தில் பார்க்கும் காணொளியிலும், மின்னிலக்கத் தொலைக்காட்சியிலும் அந்த எளிய யோசனையும் அதன் வழிவந்த முறைகளுமே வேலை செய்கின்றன.

சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. தேசிய தின அணிவகுப்பில் வாணவேடிக்கை வெடிக்கும் நேரத்தில் திரையை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் எல்லாமே மாறுவதால் "முன்பு இருந்ததுபோலவே" என்று சொல்ல எதுவும் இல்லை. இருக்கும் இடத்திற்குள் அடக்க முடியாமல், படம் சிறு கட்டங்களாகத் தெரியக்கூடும். அது உங்கள் பெட்டியின் குறை அல்ல. சட்டியே அவ்வளவுதான்.

எண்கள் சொல்வது என்ன?

அட்டையில் உள்ள எண்களை இப்போது வரிசைப்படுத்துவோம்.

சாதாரணத் தெளிவு: 720 x 576, சுமார் 4 லட்சம் பிக்சல்.
எச்டி: 1280 x 720, சுமார் 9 லட்சம்.
ஃபுல் எச்டி: 1920 x 1080, சுமார் 21 லட்சம்.
4கே: 3840 x 2160, சுமார் 83 லட்சம்.
8கே: 7680 x 4320, சுமார் 3 கோடியே 32 லட்சம்.

இலவச ஒளிவழிகளில் உயர்தெளிவு என்று வருவது 1920 x 1080 அளவுப் படம். அதை 4கே திரையில் பார்க்கும்போது, வந்த ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிலாகத் திரை நான்கு பிக்சல்களை ஒளிரவிட வேண்டும். 8கே திரை என்றால் 16. கூடுதல் புள்ளிகளின் வண்ணத்தைப் பெட்டியே பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கிறது. நல்ல பெட்டி நன்றாக ஊகிக்கும். என்றாலும், கேமரா பிடிக்காத நுணுக்கத்தை எந்த ஊகமும் மீட்டுத் தராது. உண்மையான 4கே படம் வேண்டுமென்றால் இணையச் சேவைகள், விளையாட்டுக் கருவிகள், 4கே வட்டுகள் போன்றவற்றை நாட வேண்டும். இணையத்தில் என்றால் விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகமாவது தடையின்றிக் கிடைக்க வேண்டும். பலருடைய வீட்டில் கண்ணாடியிழை இணைப்பு வேகமாகவே இருக்கும். ஆனால் தூரத்து அறையில் உள்ள தொலைக்காட்சிக்கு வைஃபை அதே வேகத்தில் எட்டுகிறதா என்பதைச் சோதித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான உண்மை. 1960களில் எடுக்கப்பட்ட திரைப்படத்தை இன்று 4கே தரத்தில் பார்க்க முடிகிறது, 1990களில் வந்த தொலைக்காட்சி நாடகம் மங்கலாகத் தெரிகிறது. ஏன்? பழைய திரைப்படம் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிவானது. அதில் நுணுக்கம் நிறைய உண்டு. சுருள் கெடாமல் இருந்தால் புதிய கருவியால் மீண்டும் படியெடுக்கலாம். நாடகமோ சாதாரணத் தெளிவுள்ள ஒளிநாடாவில் பதிவானது. அதில் இருப்பதே அவ்வளவுதான். இளையதைவிட மூத்தது தெளிவாக இருப்பதற்குக் காரணம் சட்டியின் அளவு!

உங்கள் கண்ணைச் சோதியுங்கள்

நான்காவது இடத்திற்கு வருவோம். அதுதான் பலர் மறந்துவிடும் இடம். வெள்ளைத்தாளில் 1 மில்லிமீட்டர் தடிமனில், 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பத்துக் கறுப்புக் கோடுகள் வரையுங்கள். கணினியில் வரைந்து அச்சிட்டால் இன்னும் நல்லது. தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பின்னோக்கி நடங்கள். கண்ணாடி அணிபவர்கள் அணிந்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் கோடுகள் கலந்து ஒரே சாம்பல் பட்டையாகத் தெரியும். அந்தத் தூரத்தை அளந்து பாருங்கள். இயல்பான பார்வைக்கு அது ஏறக்குறைய 3.4 மீட்டர். உங்கள் கண் கூர்மையானது என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம்.

காரணம் இதுதான். ஒரு பாகையை 60 பங்காக்கினால், அதில் ஒரு பங்குக்கும் குறைவான கோணத்தில் தெரியும் இரண்டு பொருள்களை இயல்பான கண்ணால் பிரித்துப் பார்க்க இயலாது. 1 மில்லிமீட்டர் அகலம் 3.4 மீட்டர் தூரத்தில் அந்தக் கோணத்தைத்தான் உண்டாக்குகிறது.

இதைத் திரைக்குப் பொருத்துவோம். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். ஃபுல் எச்டியில் அதை 1920 ஆல் வகுத்தால் ஒரு பிக்சலின் அகலம் 0.63 மில்லிமீட்டர். அதை 3.4 ஆல் பெருக்கினால் சுமார் 2.2 மீட்டர் வருகிறது. அதற்கும் தள்ளி உட்கார்ந்தால், ஃபுல் எச்டியின் பிக்சல்களையே கண்ணால் பிரிக்க முடியாது. பிறகு 4கே படத்தின் கூடுதல் பிக்சல்கள் எப்படித் தெரியும்?

கடையில் இவ்வளவு கணக்குப் போட வேண்டியதில்லை. திரையின் அங்குல அளவை 4 ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் விடையைச் சென்டிமீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். 43 அங்குலத்திற்கு 172 சென்டிமீட்டர், 65 அங்குலத்திற்கு 260, 75 அங்குலத்திற்கு 300. அந்தத் தூரத்தைவிட அருகில் உட்கார்ந்தால்தான் 4கே தரத்தின் கூடுதல் நுணுக்கம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். 8கே என்றால் அதிலும் பாதித் தூரம். 55 அங்குல 8கே திரையின் முழுப் பயனைப் பெற 110 சென்டிமீட்டருக்கும் அருகில் உட்கார வேண்டும். வரவேற்பறையில் யார் அப்படி உட்காருவார்கள்?

அப்படியென்றால் 4கே வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. பெரிய திரைகளில் இன்று பெரும்பாலானவை 4கே தரத்திலேயே விற்கப்படுகின்றன. ஆகவே அது ஒரு தேர்வாகவே இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "அடுத்த பெரிய எண்ணுக்கு இன்னும் பல நூறு வெள்ளி கொடுக்க வேண்டுமா, அல்லது அந்தப் பணத்தில் கண்ணுக்குத் தெரியும் வேறு ஏதாவது கிடைக்குமா?"

தள்ளி உட்கார்ந்தாலும் தெரிபவை

வெளிச்சத்திற்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு எந்தத் தூரத்திலிருந்தும் தெரியும். எல்இடி என்று விற்கப்படும் திரைகள் உண்மையில் எல்சிடி திரைகள். பின்னால் எல்இடி விளக்குகள் எரிகின்றன, முன்னால் உள்ள திரவப் படிகம் ஒளியை விடுகிறது அல்லது மறைக்கிறது. முழுவதும் மறைக்க முடியாததால் கறுப்பு சற்றே சாம்பலாகத் தெரியும். கியூலெட் என்பதும் இந்த வகையில் வண்ணத்தை மேம்படுத்திய திரைதான். ஓலெட் திரையில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால், அணைந்தால் முழுக் கறுப்பு. அதன் விலை கூடுதல். வெயில் நேரடியாக விழும் அறையில் பிரகாசமான எல்சிடி திரையே வசதியாக இருக்கலாம்.

எச்டிஆர் என்பது மிகப் பிரகாசமான இடத்தையும் இருண்ட இடத்தையும் ஒரே படத்தில் காட்டும் முறை. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு அடிப்படை வண்ணத்திற்கும் 256 படிகள், எச்டிஆரில் பெரும்பாலும் 1024 படிகள். மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரியாமல் மெல்ல மாறுவதற்கு அதுவே காரணம். ஆனால் திரைக்குப் போதிய பிரகாசம் இல்லையென்றால், அட்டையில் எச்டிஆர் என்று எழுதியிருப்பதால் பயனில்லை.

பார்வை மங்கிய தாத்தாவுக்கு 83 லட்சம் பிக்சல்களைவிடப் பெரிய திரையும், தெளிவாகத் தெரியும் எழுத்தும், நன்றாகக் கேட்கும் ஒலியும்தான் உதவும். மெல்லிய பெட்டிகளில் ஒலிபெருக்கியும் சிறியது என்பதை மறக்காதீர்கள்.

கடைக்குப் போகுமுன்

ஒன்று, சோபாவிலிருந்து திரை வைக்கும் இடம்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். இலவச ஒளிவழிகளா, இணையமா, விளையாட்டா? சட்டியில் என்ன இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

மூன்று, டிவிபி-டி2 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு, கடையில் ஓடும் மீன்களையும் மலர்களையும் நம்பி முடிவு செய்யாதீர்கள். அவை திரையை அழகாகக் காட்டவென்றே எடுக்கப்பட்டவை. திரையின் பிரகாசமும் அங்கே கூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒரு செய்தி நிகழ்ச்சியையோ விளையாட்டு நிகழ்ச்சியையோ போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் தள்ளி நின்று பாருங்கள்.

ஐந்து, மின்சாரச் சிக்கன முத்திரையைப் பாருங்கள். சிங்கப்பூரில் அந்த முத்திரையில் டிக் குறி கூடக் கூடச் சிக்கனமும் கூடும். 100 வாட் பெட்டி தினமும் 5 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 182.5 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் சுமார் 55 வெள்ளி. இருமடங்கு மின்சாரம் இழுக்கும் பெட்டி, எட்டு ஆண்டுகளில் கூடுதலாக 440 வெள்ளியை விழுங்கிவிடும்.

இந்த ஐந்துக்கும் தேவை ஓர் அளவுநாடா, ஒரு பேனா, கொஞ்சம் பெருக்கல் கணக்கு. அடுத்த முறை வீட்டில் "எதை வாங்கலாம்" என்று கேட்டால், பெட்டியின் பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். "நாம் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து, எதைப் பார்க்கப் போகிறோம்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.